ஓரத்தோடு ஓரம்

மார்ச் 3, திங்கள்

சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். காய்ந்த விரிப்புகளை மடிக்க வேண்டும். முதலாளி என்னிடம் கேட்டதற்கெல்லாம் அம்மாதான் பதில் சொன்னாள். கடைசியில், சின்ன வயதிலிருந்து நான் கேட்டுவரும் அதே வாக்கியம்: "அவளுக்கு ஆட்டிசம். அவ அப்படித்தான், கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

"மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்" என்றார் அவர்.

இங்கே மெஷின் சத்தம் ஒரே சீராக இருக்கிறது. பள்ளிக்கூட மணி மாதிரி திடீரென்று மேலே பாய்வதில்லை. அந்த மணிக்குப் பயந்துதான் ஒன்பதாவதோடு நின்றேன். அடுத்த மாதம் பதினெட்டு முடிகிறது. இந்த வேலையாவது நிலைக்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

இஸ்திரி போடும் அக்கா எனக்கு 'ஊமைச்சாமி' என்று பேர் வைத்திருக்கிறாள். உள்ளுக்குள் சிரித்தேன். அவளுக்குத் தெரியாது.

மார்ச் 11, செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு.

அக்கா மடித்து அடுக்கியிருந்ததையெல்லாம் பிரித்து மறுபடி மடித்தேன். ஓரம் கோணலா இருந்துச்சு, கை சும்மா இருக்கல. அவள் பார்த்துவிட்டாள்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே மடிச்ச கை இது. என் மடிப்புல என்னடி குறை கண்டே?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருந்தேன் — அம்மா வந்து கூட்டிப்போகும் வரை. ஏன் தொட்டேன்? யார் கேட்டா?

மார்ச் 12, புதன்

அம்மா கூடவே உள்ளே வந்து, "அவ அப்படித்தான்..." என்று ஆரம்பித்தாள். அக்கா கைகாட்டி நிறுத்தினாள்.

"அவளே சொல்லட்டும்மா. எனக்கொண்ணும் ரயிலுக்கு நேரமாகல."

சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் இஸ்திரி போட ஆரம்பித்தாள். ஒரு விரிப்பு முடிந்தது. இன்னொன்று. அம்மா கைப்பை வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா தலையணை உறைகளுக்கு வந்தபோதுதான் எனக்கு வார்த்தை வந்தது.

"ஓரத்தோட ஓரம் சேரலன்னா தலைக்குள்ள அரிக்குது. உங்கள மட்டம் தட்டணும்னு இல்ல."

"இவ்வளவுதானா? நான் வேற நேத்து சரியா சாப்பிடக்கூட இல்ல. இனிமே நான் தேய்ச்சுப் போடறேன், நீயே மடி. குனிஞ்சு நிமிர்ந்து என் இடுப்பு விட்டுப்போச்சு."

எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அவள் பங்கு உறைகளையும் சேர்த்து மடித்துவைத்தேன்.

மார்ச் 13, வியாழன்

அக்கா இப்போது பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. முன்னால் வந்து நிற்கிறாள். பின்னாலிருந்து குரல் வந்தால் எனக்குத் தூக்கிவாரிப்போடும் என்று நான் சொல்லவே இல்லை, அவளாகப் பார்த்துக் கண்டுபிடித்தது.

மார்ச் 31, திங்கள்

என்னைக் கூப்பிட அம்மா வந்திருந்தாள். முதலாளி வழக்கம்போல அவளைப் பார்த்துத்தான் கேட்டார்: "பொண்ணு வேலை நல்லாருக்கு. தொடர்ந்து வர இஷ்டம்தானே?"

அம்மா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"அவகிட்டயே கேளுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்தேன். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"வரேன்" என்றேன்.

இத்தனை வருஷம் எனக்காகப் பேசிப் பேசி அம்மாவுக்கு வாய் வலித்திருக்கும். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். இன்றைக்கு ஊமைச்சாமி அவள்தான்.