உனக்காக ஒழித்து வைத்த அறை

கண்ணு,

தலைப்பிரசவத்துக்கு உன்னை அழைத்துவர எப்போது வருகிறோம் என்று மாப்பிள்ளை கேட்டார். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்று சொல்லிவைத்தேன்.

அம்மா நன்றாக இருக்கிறாள். அவள் வளர்க்கும் பூனைகள் இன்னும் பெருகிவிட்டன. நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டார் ஜன்னலைத் திறப்பதில்லை. சிலவற்றைக் கோணியில் கட்டி கே.ஜி.கண்டிகையில் விட்டு வந்தேன். அம்மா ஆட்டோ வைத்துப் போய் அத்தனையையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டாள்.

உனக்காக ஒழித்து வைத்த அறையில் நேற்று ஒரு சினைப்பூனை நுழைந்தது. விரட்டப் போனேன்.

"புள்ளத்தாச்சிய எங்க போவச் சொல்றீங்க? நம்மள வுட்டா அதுக்கு யாரு கீறா?" என்று அழுதாள்.

உன் குழந்தைக்கென்று துவைத்து வைத்திருந்த பழம்புடவையை அவளே விரித்துக் கொடுத்தாள். இன்று அதில் ஐந்து குட்டிகள் கிடக்கின்றன.

நீ அங்கேயே இரு, கண்ணு. வெள்ளையடிப்பு இன்னும் முடியவில்லை என்று சொல்.

உன் நைனா