தானாகத் திறந்த மஞ்சள் சீட்டு

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
ஏப்ரல் 17

அன்புள்ள ஹம்சுவுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். பகவான் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், நீயும் மெல்போர்ன் குளிரில் சளி கிளி பிடிக்காமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. முந்தாநாள் பெங்காலி வருஷப்பிறப்பான பொய்லா பொய்ஷாக்குக்குக் கீழ் வீட்டு பெங்காலி பௌதி சந்தேஷ் ஸ்வீட் கொண்டுவந்து கொடுத்தாள், அம்மா சிரித்துப் பேசி வாங்கிக்கொண்டாள், என் தட்டில் மட்டும் வைக்கவில்லை. மூன்று நாளாக என்னோடு பேச்சே கிடையாது. காபி வருகிறது, டம்ளரை மேஜையில் இடிக்கிற சத்தத்தோடு வருகிறது. உன் கூடப் படித்த ஸ்மிதாவும் நம் தமிழ்ப் புத்தாண்டு விழாவுக்கு வந்திருந்தாள், அங்கே நடந்ததை அவள் உனக்கு எல்லாம் சொல்லியிருப்பாள். இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், மூன்று காகிதம் கிழித்தாகிவிட்டது.

போன தீபாவளியின்போது லேப்டாப் ஆன் ஆவதற்குள் நான் குளித்துவிட்டே வந்துவிடுகிறேன் என்று புலம்பினேனே, நீயும் பொறுமையாகப் போனிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லி, ஸ்டார்ட்அப் என்கிற இடத்துக்குப் போகச் சொல்லி, கம்ப்யூட்டர் விழித்ததுமே கூடவே எழுந்துகொள்கிற ப்ரோக்ராம்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னாய். பாட்டு, சீட்டாட்டம், பிரிண்டர் சமாசாரம் எல்லாவற்றையும் டிஸேபிள் பண்ணினோம். அந்த மஞ்சள் சீட்டு மாதிரி வருகிற நோட்ஸ் எதற்கு அப்பா, அதையும் நிறுத்திவிடு என்றாய். மாத்திரை நேரம் எழுதி வைத்திருக்கிறேன், காலையில் அது கண்ணில் படவேண்டும் என்று சொன்னேன். அது பொய், ஹம்சு. அதில் ஒரு மாத்திரை பெயர்கூடக் கிடையாது.

நான் யாரிடம் என்ன பொய் சொன்னேன் என்பதுதான் அதில் இருந்தது. நீ கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு ட்ராம் ஓட்டப் போய் நாலு வருஷம் ஆகிறது. பாங்கில் ஆபீசராக முப்பத்தாறு வருஷம் இருந்தவனுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆளுக்கு ஒன்று சொல்லி வைத்தேன், அப்புறம் எதை யாரிடம் சொன்னோம் என்று குழம்பிப்போய், ஆபீஸ் புத்தி, எழுதி வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் பரமசிவத்தோடு லேக்குக்கு வாக்கிங் போகிறதுக்கு முன்னால் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி அதைப் படித்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவேன். எப்பேர்ப்பட்ட மானங்கெட்ட பிழைப்பு பார்.

தமிழ்ப் புத்தாண்டன்று தமிழ்ச் சங்கத்து ஹாலில் பழைய போட்டோக்களைத் திரையில் காட்டுகிற பொறுப்பு என்னுடையது. எண்பது பேர் இருந்தார்கள். ஃபேன் போடுவதற்காக யாரோ பிளக்கைப் பிடுங்க, லேப்டாப் அணைந்துவிட்டது. திரும்ப ஆன் பண்ணிவிட்டு மைக்கைக் கவனிக்கப் போனேன். போட்டோ வருவதற்கு முன்னால் சீட்டு வந்துவிட்டது, சுவர் அளவுக்கு. நம் குழந்தைகளில் பாதிக்குத் தமிழ் படிக்க வராது, என்ன எழுதியிருக்கிறது ஆன்ட்டி என்று கேட்டிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தமிழ் கிளாஸ் எடுக்கிற விஜயலட்சுமி மாமி, இதுவும் நிகழ்ச்சிதான் போலிருக்கிறது என்று எண்ணி, கணீரென்று படிக்க ஆரம்பித்துவிட்டாள். பரமசிவத்திடம், ரயில்வே கம்பெனியில் ப்ராஜெக்ட் மானேஜர். விஜயலட்சுமி மாமியிடம், பிஎச்.டி. பண்ணுகிறாள், கல்யாணம் அப்புறம். தன் பெயரையே படித்த பிறகுதான் மாமிக்கு உறைத்தது, அப்படியே நிறுத்திவிட்டாள். ஆனால் சுவர் நிறுத்தவில்லையே. யாரிடமும் ட்ராம் பேச்சே எடுக்கக் கூடாது என்று அடுத்த வரி பெரிசாக நின்றது. நான் ஓடி வருகிறேன், கால் ஒயரில் மாட்டிக்கொள்கிறது.

அதுகூடப் போகட்டும். அதற்குக் கீழே உன்னிடமும் அம்மாவிடமும் சொன்ன பொய்கள் இன்னும் இரண்டு வரி இருந்தன. ஹம்சுவிடம், காமுவுக்கு இன்னொரு கண்ணிலும் ஆபரேஷன், ஜனவரியில் வர வேண்டாம், அம்மாவிடம் கேட்காதே, அழுவாள். காமுவிடம், ஹம்சுவுக்கு லீவு கிடைக்கவில்லை, அவளிடம் கேட்காதே, வருத்தப்படுவாள். ஆமாம் ஹம்சு, இரண்டாவது கண்ணில் ஆபரேஷன் எதுவும் கிடையாது. நீ வந்தால் யாராவது வேலையைப் பற்றிக் கேட்பார்கள், நீ பளிச்சென்று உண்மையைச் சொல்லிவிடுவாய் என்கிற பயம். பெற்ற பெண்ணை வீட்டுக்கு வராதே என்று தடுத்தேன். நீங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் மனசு ஒருத்தருக்கு நோகக் கூடாது என்று கேட்காமலே இருந்தீர்கள், அந்த நல்ல மனசைத்தான் நான் பூட்டாகப் போட்டேன். நவம்பரில் ஆபரேஷன் பண்ணின கண்ணால் அம்மா அந்த இரண்டு வரியையும் படித்தாள்.

அவள் எழுந்து நின்றாள். எங்கள் பெண் மெல்போர்னில் ட்ராம் ஓட்டுகிறாள், பரீட்சையில் முதல் தடவையே பாஸ் பண்ணினாள், காலை முதல் வண்டி அவளுடையது என்று தமிழில் ஒரு தடவை, பௌதிக்காக பெங்காலியில் ஒரு தடவை சொன்னாள். கை தட்டினார்கள். எனக்குத் தலையை எங்கே கொண்டு வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பரமசிவம் இரண்டு நாள் வாக்கிங் வரவில்லை. இன்றைக்கு வந்தார், உங்கள் பெண் என்ன ஓட்டினால் எனக்கென்ன சார், நாலு வருஷம் தினமும் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னீர்களே என்றார்.

உன் வேலையில் ஒரு வெட்கமும் இல்லை, வெட்கமெல்லாம் என்னிடம்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அந்தச் சீட்டை அழித்துவிட்டேன், ஸ்டார்ட்அப்பில் அதையும் டிஸேபிள் பண்ணிவிட்டேன். மன்னித்துவிடு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். லீவு கிடைக்கிறபோது வா. விடியற்காலை வண்டிக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே, காதை மூடிக்கொண்டு போ. தீர்க்காயுசாக, நிம்மதியாக இரு, நீ ஓட்டுகிற வண்டியில் ஏறினவர்கள் எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, டிக்கெட் போட்டதும் அம்மாவிடம் நேராகச் சொல்லு. எனக்கு அவள் சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
மஹாதேவன்