புகை வராத புகைபோக்கி

இன்று காலை அடுப்படியில் கொட்டிய சாம்பாரை என் மனைவி துடைத்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்தேன். பச்சை டீ-சட்டை. மின் நிலையத் திறப்பு விழாவில் நீ ஆளுக்கொன்றாகக் கொடுத்தாயே, அதே சட்டை. மார்பில் எழுதியிருந்த 'தூய எரிவாயு, நம் ஊருக்கு ஒளி' என்பதில் 'தூய' மட்டும்தான் மிச்சம். அதன்மேலும் மஞ்சள் கறை. நீ உயிரோடு இருந்தபோது உனக்கு நான் எதுவும் எழுதியதில்லை, மச்சான். இருக்கிறவர்களுக்கு எழுதினால் பதில் வரும். உன் பதில்கள் எனக்குப் போதும் என்றாகிவிட்டிருந்தது.

என் தங்கையைக் கட்டிய நாளிலிருந்தே, படித்தவனான நான் உன்னை மதிப்பதில்லை என்று உனக்கு ஒரு சந்தேகம். சரியான சந்தேகம்தான். ஆனாலும் மின் நிலையம் வரப்போகிறது என்றதும், கோயில் தலைவரான நீ, வேதியியல் வாத்தியாரான என்னைத் தேடி வந்தாய். சனங்கள் பயப்படுகிறார்கள், விளக்கிச் சொல் என்றாய். பாலாய் ராயா மண்டபத்தில் கூட்டம் போட்டாய். நான் உண்மையைத்தான் சொன்னேன். நிலக்கரி போலச் சாம்பல் பறக்காது, டீசல் போலக் கரி படியாது, எரிவாயு சரியாக எரிந்தால் கண்ணுக்குத் தெரியும் புகையே வராது.

பின் வரிசையிலிருந்து ஒரு பெண், "பொகை இல்லாம என்னா நெருப்புங்க அது?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நீ என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாய்.

"வாத்தியாரு பொய் சொல்ல மாட்டாரு லா. கையத் தூக்குங்க."

தூக்கினார்கள். அப்பாவும் தூக்கினார். நிலையத்துக்கு ஒதுக்கிய நிலத்தில் நம் தோட்டத் தொழிலாளர்களின் சுடுகாடும் அடங்கும் என்பது உனக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை. அப்பாவுக்கும் சொல்லவில்லை.

நிலையத்தைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அதுதான் எரிச்சல். மழை பெய்தால் அணைந்துபோகும் விளக்குகள் இப்போது அணைவதில்லை. நம் பெண்கள் சிலர் அங்கே சீருடையோடு வேலைக்குப் போகிறார்கள். வேலிக்குள் கொக்குகள் மேய்கின்றன. காயப்போட்ட வேட்டி வெள்ளையாகவே இருக்கிறது. கோலா சிலாங்கூரில் யாரைப் பார்த்தாலும் உன்னைப் புகழ்ந்தார்கள். நானும் தலையாட்டினேன்.

அம்மாவை அந்தச் சுடுகாட்டில் ரப்பர் விறகில் வைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். கொள்ளி வைத்ததும் திரும்பிப் பார்க்காமல் போவது பிற ஊர் வழக்கம். நம் தோட்டத்தில் அப்படி இல்லை. புகை செம்பனை மரங்களின் உச்சியைத் தாண்டுகிறவரை நிற்பார்கள். அன்று அது தாண்டியதும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போயிட்டா. வாங்க" என்றார். லயத்து வீட்டுக்கு வந்து சோறும் தின்றார். தன்னையும் அங்கேயே வைக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் என்னிடம் வேறெதுவும் கேட்டதில்லை.

அப்பா போனபோது அங்கே வேலி இருந்தது. வாயிலில் இந்தப் பச்சைச் சட்டையோடு நீ நின்றாய்.

"கேஸ் பக்கத்துல கொள்ளி வைக்க முடியுமா மச்சான்? படிச்சவன் நீயே சொல்லு. டவுன்ல கேஸ் சுடலை இருக்கு. பொகை இல்ல, நாத்தம் இல்ல. மாமா சுத்தமா போவாரு."

வேறு தோட்டத்தில் விறகுச் சுடுகாடு இருக்கிறதா என்று கேட்டேன். எங்கேயும் இல்லை என்றாய்.

சுடலையில் ஒரு பொத்தானைக் காட்டி அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினேன். வெளியே வந்து புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். சரியாக எரிந்தால் புகை வராது என்று ஊருக்கே சொன்னவன் நான். ஆனாலும் நின்றேன். நீ காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஹாரன் அடித்தாய்.

பிறகு உன் சிறுநீரகம் கெட்டது. இரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு உன்னைப் பிணைத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரரிடம், "இது எங்க கரண்டு லா, கட்டே ஆவாது" என்று பீற்றினாய். அவர் வீட்டுக்குப் போன பிறகு என் கையைப் பிடித்தாய். உன் கை குளிர்ந்திருந்தது.

"மச்சான், என்னைய மட்டும் கேஸ்ல போட்டுறாத. அந்தப் பொட்டிய நெனச்சாலே மூச்சு முட்டுது. ஆத்துக்கு அந்தாண்ட தோட்டத்துல இன்னும் வெறகுலதான் வைக்கிறாங்க. தலைவரு நம்ம ஆளுதான்."

அந்தத் தோட்டம் அப்பாவுக்காகக் கேட்டபோது உன் நினைவுக்கு வரவில்லை. நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

"கேஸ்ல பொகை இல்ல மச்சான். நாத்தம் இல்ல. நீ சுத்தமா போவ."

நீ என்னை வெகுநேரம் பார்த்தாய். அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்றும் தூக்கம் நன்றாக வருகிறது.

நீ போனதும் தங்கை அழுதபடி விறகைப் பற்றிக் கேட்டாள். ஏற்பாடெல்லாம் செய்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றேன். உன் மகன் பொத்தானை அமுக்கினான். பெண்கள் வரக்கூடாது என்று யாரோ சொன்னதைக் கேளாமல் அவளும் வந்திருந்தாள். வாசலில், நான் நின்ற அதே இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணே, பொகையே வரலையே. அவரு போயிட்டாருன்னு எப்படித் தெரியும்?"

ஒரு மண்டபம் நிறைய ஆட்களுக்கு விளக்கிய நான், கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நேரமாகிறது, போகலாம் என்றேன். அவள் அசையவில்லை. உன்னைப் பழிவாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். வெயிலில் நின்றது அவள்.

அந்தத் துணியை மனைவி குப்பையில் போடப் போனாள். வாங்கி அலசிக் கொடியில் போட்டிருக்கிறேன். தங்கை இப்போது என்னோடு பேசுவதில்லை. அதே கேள்வியை உன் மகனிடமும் கேட்டாளாம்.

"மாமாவக் கேளும்மா. அவருதான் வாத்தியாரு, பொய் சொல்ல மாட்டாரு" என்றானாம்.

உன் மகன்தான். சந்தேகமே இல்லை.