குழுவிலிருந்து நான் நீக்கிய ஏழுமலை அண்ணாவுக்கு

அன்பான ஏழுமலை அண்ணா,

கிரிவலத்துக்கு வந்த பௌர்ணமிக் கூட்டம் இப்போதுதான் கலைந்தது. நீங்கள் வரவேற்பில் உட்கார்ந்திருந்த லாட்ஜ் வழியாக நேற்று நடந்து போனேன். ஒரு வருடமாக அந்தத் தெருவையே தவிர்த்து, சுற்றிக்கொண்டு போனவள் நான்.

காரணம் உங்களுக்குத் தெரியும். கணினியில் தமிழ் பற்றிப் பேசும் நம் இணையக் குழுவில் ஒரு டீச்சர் புதிதாகச் சேர்ந்தார். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைப்பதில் 'ழ' வரவில்லை என்று கேட்டார். நீங்கள் தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகையைத் தவிர வேறெதையும் ஏற்காதவர். "'அம்மா'ங்கிற வார்த்தையவே இங்கிலீஷ் எழுத்துல தட்றவங்க தமிழ்ல எழுதவே வேணாம்"னு போட்டீர்கள். நாற்பது பேர் இரண்டு பக்கமும் நின்று கத்தினார்கள். மன்னிப்புக் கேளுங்கள் என்றேன், மாட்டேன் என்றீர்கள். குழுவைக் கவனிப்பவள் நான். நீக்கிவிட்டேன்.

நான்கு மாதத்தில் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது. கீழ்பென்னாத்தூரில் உங்கள் வீட்டு வாசலில், கூட்டத்தின் கடைசியில் நின்றேன். அண்ணி முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. என் மேல் கோபத்தோடுதான் போனீர்களா?

போன வாரம் அண்ணி ஃபோன் செய்தார். "சுமதி, அவரு கம்ப்யூட்டர்ல பசங்க ஃபோட்டோ மாட்டினு இருக்குது. வந்து எடுத்துக் குடும்மா."

போனேன். கணினியைத் திறந்ததும் நம் குழுதான் வந்தது. ஆனால் அதில் உள்நுழைந்திருந்த பெயர் உங்களுடையதல்ல, 'நிதானம்'.

அண்ணா, அது நீங்களா? நீக்கிய பத்தாம் நாள் சேர்ந்து, கேட்டவருக்கெல்லாம் பொறுமையாகப் பதில் எழுதிய ஆள்! அந்த டீச்சருக்கு 'ழ' எப்படி வரும் என்று படம் போட்டு விளக்கியவர். அவர் இப்போது தினமும் எழுதுகிறார். "உங்கள மாதிரி நாலு பேரு இருந்தா போதுங்க"ன்னு நானே உங்களைப் பாராட்டியிருக்கிறேன். ஒரு கும்பிடு மட்டும் பதிலாக வந்தது.

அண்ணியிடம் மெல்லக் கேட்டேன். "என் மேல கோவமா இருந்தாரா அண்ணி?"

"ரெண்டு நாள் மூஞ்சத் தூக்கி வெச்சினு இருந்தாரு. அப்புறம், 'நான்தான் ஜாஸ்தியா பேசிட்டேன், அந்தப் பொண்ணு பண்ணது சரி'ன்னாரு. உன்ன நேர்ல வந்து பாக்கத்தான் வெக்கப்பட்டாரு."

சிரித்துவிட்டேன் அண்ணா. அண்ணியும் சிரித்தார். பிறகு இருவரும் அழுதோம். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

குழுவில் இந்த வாரமும் சண்டைதான். ஏஐ எழுதித் தரும் பதிலை இங்கே ஒட்டலாமா கூடாதா என்று அடித்துக்கொள்கிறார்கள். இருந்திருந்தால் நீங்கள் எந்தப் பக்கம்?

நிதானம் யார் என்று யாரிடமும் சொல்லமாட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன், இது சத்தியம். இனி ஒருவரை நீக்க நேர்ந்தால், அன்றைக்கே ஃபோன் செய்து பேசுவேன். உள்ளூர்க்காரர் என்றால் வெட்கப்படாமல் வீட்டுக்கே போய் நிற்பேன்.

உங்கள் தங்கை,
சுமதி