எட்டு கிரெடிட்

ஹார்லன் அருகே, கென்டக்கி
ஆகஸ்ட் 19, புதன்

அன்புள்ள தெஸ்ஸாவுக்கு,

பாட்டி எழுதுகிறேன். நீ கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கு அலுவலகத்தில் இருந்தது நான்கே பேர்: நீ, உன் அம்மா லொரெட்டா, நான், மேசைக்கு அந்தப் பக்கம் பாட ஆலோசகன் பிளேக்லி. எனக்கு எதுவும் மறக்காது.

"பள்ளிக்கூடத்துலயே காலேஜ் பாடம் படிச்சு ஏ.பி. பரீட்சை எழுதியிருக்கா. எட்டு கிரெடிட் இருக்கு. வெச்சுக்கறீங்களா, விட்டுடறீங்களா?" என்றான். நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எங்க வீட்ல யாரும் கிரெடிட் வாங்கறதில்ல. மொத்தத்தையும் விட்டுடுங்க" என்றேன். எனக்குத் தெரிந்த கிரெடிட் சுரங்கக் கம்பெனிக் கடையில் மாவுக்கும் பன்றிக்கொழுப்புக்கும் எழுதிவைத்த கடன்தான். என் அப்பா சாகும்வரை தீரவில்லை. அவன் சிரித்தான். படிவத்தை உன் பக்கம் தள்ளினான். நீ கையெழுத்துப் போட்டாய்.

ஞாயிறு சர்ச் சாப்பாட்டில் உன் கணக்கு டீச்சர் நேப்பியரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சோளரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். "வெர்னாம்மா, அது கடன் இல்ல. அவ ஏற்கெனவே முடிச்ச பாடம். கணக்கையும் கெமிஸ்ட்ரியையும் இனிமே அவ படிக்கவே வேணாம்!"

பீன்ஸ் தட்டை அப்படியே விட்டுவிட்டு உனக்குப் போன் போட ஓடினேன்.

இரண்டு வருடம் சமையலறை மேசையில் கண் எரிய எரியப் படித்தாயே, உனக்குத் தெரியாதா? ஏன்டி கையெழுத்துப் போட்டாய்? போனில் கேட்டால் "பரவால்ல பாட்டி, திரும்பப் படிச்சா நல்லதுதான்" என்கிறாய். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பதில் என்ன நல்லது? நேற்று லொரெட்டா உண்மையைக் கக்கினாள். அந்த ஆள் முன்னால் எனக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்று சும்மா இருந்தாயாம். மண்டு! "பாட்டி, நீ பேசாம இரு" என்று சொல்லியிருந்தால் நான் என்ன கரைந்தா போயிருப்பேன்?

வெள்ளிக்கிழமை மாலைவரை திரும்பக் கேட்கலாம் என்று டீச்சர் விசாரித்துச் சொன்னார். இந்தக் கடிதத்தை லொரெட்டா நாளைக் காலை உன் கையில் கொடுப்பாள். படித்ததும் கிளம்பு. "எங்க பாட்டிக்கு அர்த்தம் தெரியல, எனக்குத் தெரியும், என்னோடதைக் குடுங்க" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொல். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. சொல்லாமல் வந்தால்தான் வெட்கம்.

கர்த்தர் உன் நாக்குக்கு பலம் தரட்டும்.

உன் பாட்டி,
வெர்னா

பி.கு. உன்னை மன்னித்துவிட்டேன். என்னையும் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மன்னித்துவிடுவேன். நான் தப்பாகப் புரிந்துகொண்டது அந்த அறையில் ஒருத்தனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்தும் திருத்தாமல் சிரித்தானே, அவனை மட்டும் மன்னிக்க மாட்டேன். பிளேக்லி.