பன்னிரண்டு மிஷினுக்கு இரண்டு பேர்

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். நீ, உன் மனைவி, குழந்தை எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன். இனி எழுதப்போவதும் மனதாரத்தான்.

அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீ ஏன் போன் செய்யவில்லை என்று தினமும் கேட்கிறாள். "அவனுக்கு ஆபீஸ்ல வேலை இருக்கும்மா" என்கிறேன். என்ன வேலை என்று நேற்றுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒன்பது நாளாக உட்கார்ந்திருக்கிறோம். பட்ஜெட்டில் இடமில்லையாம், ஒப்பந்த நர்சுகளை மாதக் கடைசியோடு வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். எங்கள் டயாலிசிஸ் வார்டில் மட்டும் நான்கு பேர். நான் நிரந்தரம் என்பதால் அந்தப் பட்டியலில் இல்லை. துப்புரவுக்காரர்கள், பஸ் தொழிலாளர்கள், பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் முறை வைத்து வந்து உட்காருகிறார்கள். எங்கள் நோயாளிகளும்தான். திங்கள், புதன், வெள்ளி ரத்தம் சுத்தம் செய்துகொள்பவர்கள் செவ்வாய், வியாழன், சனி வருகிறார்கள். மற்றவர்கள் அவர்களுக்கு மாற்று. கிட்னி இரண்டும் போனவர்கள். முதுகெலும்பு மட்டும் உங்கள் ஆபீஸ்காரர்களைவிட நன்றாக இருக்கிறது.

நேற்று சங்கத் தலைவி உங்கள் சுகாதாரத் துறையின் அறிக்கையை மைக்கில் வாசித்தாள். பன்னிரண்டு இயந்திரங்களுக்கு இரண்டு செவிலியர் போதும் என்பது நடைமுறையில் நிரூபணமாகியுள்ளதாம். "எவன்யா நிரூபிச்சான்?" என்று கூட்டம் கத்தியது. கீழே தயாரித்தவர் என்று உன் பெயர். நிரூபித்தவள் நான்தானே?

போன லீவில் வந்தபோது, வேலை எப்படிப் போகிறது என்று சாப்பிட்டுக்கொண்டே கேட்டாய். அப்போது எங்கள் ஷிப்டில் இருக்கும் மூவரில் ஒருத்தி பிரசவ லீவில் இருந்தாள். "மூணு பேர் வேலைடா, ரெண்டே பேர் ஜமாய்ச்சிட்டோம், ஒரு மிஷின்கூட நிக்கல" என்றேன். "அக்கான்னா அக்காதான்" என்றாய். நானும் பூரித்துப்போய் உன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே பேசியது என் வாய், போவது நான்கு பேர் பிழைப்பு. நர்சுகளுக்கு இது ஒரு வியாதி. ஆள் குறைந்தால் கத்த மாட்டோம், ஓடுவோம். ஓடியதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வோம்.

மைக்கை வாங்கி, "சொன்னது நான்தான், எழுதினது என் தம்பி" என்றேன். என்னோடு சேர்ந்து ஓடியவளுக்கும் இந்த மாதத்தோடு வேலை போகிறது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனாள். உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எந்த வார்த்தையில் எழுதுவது? ஊட்டிய கையையே கடித்துவிட்டாயடா.

அன்று பெருமையில் மறைத்ததையும் கேட்டுக்கொள். அந்த வாரத்தில்தான் ஏழாம் படுக்கையிலிருந்த தையல்காரருக்குப் போர்வைக்குள் ஊசி நழுவியது. மிஷின் சத்தம் போடவில்லை. நான் இரண்டாம் படுக்கையில், மற்றவள் பன்னிரண்டில். ரத்தம் தரையில் சொட்டிய பிறகுதான் பார்த்தேன். மனிதர் பிழைத்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று தரையைத் துடைத்துவிட்டு, மேலிடத்துக்கு ஒரு வரிகூட எழுதாமல் விட்டோம். எழுதினால் எங்களைத்தான் விசாரிப்பார்கள் என்ற பயம்.

இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன், என் பெயரை மட்டும் போட்டு. விசாரணை வரட்டும், வேலை போனாலும் போகட்டும். நகல் இத்துடன் இருக்கிறது. புதன்கிழமை ஆட்குறைப்புக் கமிட்டி முன்னால் உன் அறிக்கையைப் படிக்கும்போது இதையும் நீ படிக்க வேண்டும். அக்கா சொன்னதில் பாதியை எழுதத் தெரிந்த கைக்கு மீதி எழுத வராதா?

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு போன் செய்.

நீ நூறு வயது வாழ வேண்டும். எங்கள் வார்டுக் கட்டிலில் படுக்கிற நிலைமை உனக்கு ஒருநாளும் வரக்கூடாது. அப்படி வந்தால், போர்வையைத் தூக்கிப் பார்க்க உன் பக்கத்தில் ஒருத்தி இருக்கட்டும்.

உன் அக்கா