லேபிள் உரித்த புட்டி

ஜூலை 7, திங்கள்

பதினொரு வருடம் பேசாமல் இருந்தாகிவிட்டது. போதும். இனி நடப்பதை அன்றன்றே எழுதிவைக்கப் போகிறேன். தலை தெளிவாக இருக்கும்போதே.

காலையிலிருந்து தூறல். துணி மூன்று நாளாகக் காயவில்லை, வீடு முழுக்க ஈர வாடை.

செய்ய வேண்டியவை: கேஸ் புக் செய்ய. ஸ்கூட்டர் பிரேக். குடைக்கம்பி. நான்காவது ஒன்று இருந்தது, மறந்துவிட்டது.

பதினொரு மணிக்குப் பிராச்சி தன் அறைக்குக் கூப்பிட்டாள். எங்கள் எச்.ஆர். பெண். போன வாரம் எல்லோரிடமும் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. ரயில் பிரேக்குக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி எங்களுடையது. அதைச் சோதிக்கும் பிரிவுக்கு நான் தலைவன். வெளிநாட்டு வாடிக்கையாளர் போதைப்பொருள் சோதனை வேண்டும் என்றார், மேலிடம் தலையாட்டியது.

"சார், உங்க ரிப்போர்ட்ல ஒரு பாசிட்டிவ்" என்றாள் ஆங்கிலத்தில். பிறகு குரலைத் தாழ்த்தி ஹிந்தியில்: "சச் போலோ சார், கோயி பார்ட்டி‑வார்ட்டி?"

உண்மையைச் சொல்லுங்கள், ஏதாவது பார்ட்டியா என்கிறாள். ஐம்பத்திரண்டு வயதில் பார்ட்டி.

மருந்து என்றேன். விஜயா எண்ணெய். கஞ்சா இலையிலிருந்து எடுப்பது. ஆயுர்வேத வைத்தியர் சீட்டு இருந்தால் சட்டப்படி வாங்கலாம். இங்கே புனேயிலேயே, கோந்த்வாவில் இருக்கிறார் என் வைத்தியர். சீட்டைப் போனிலேயே காட்டினேன். அவள் முகம் தெளிந்தது. அப்படியென்றால் சுலபம், சீட்டும் அசல் புட்டியும் கொண்டுவாருங்கள், லேபிளில் பேட்ச் எண் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்றாள். "காளஜி கரூ நகா, சார்." கவலைப்படாதீர்கள் என்று மராட்டியில். அவள் மராட்டிக்கு மாறினால் மனதாரச் சொல்கிறாள் என்று அர்த்தம்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். லிஃப்டில்தான் உறைத்தது. என் புட்டியில் லேபிள் கிடையாது. ஒரு வருடமாக எந்தப் புட்டியிலும் கிடையாது.

ஜூலை 8, செவ்வாய்

மழை விட்டு விட்டு. பால் திரிந்துபோயிற்று.

சுதாவிடம் கேட்டேன். என் மனைவி. கட்கியில் பிறந்து வளர்ந்தவள், மாமனார் அங்கே தொழிற்சாலையில் இருந்தார்.

"வெந்நீர்ல ஊறப்போட்டு உரிச்சுட்டேன். எப்பவும் செய்யறதுதானே."

"உரிச்சு?"

"கச்ரா டப்பாவுல, குப்பையோட குப்பையா போட்டேன். பொடிப்பொடியா கிழிச்சு."

"அட்டைப்பெட்டி?"

"அதையும்தான். பெட்டி மேல பெரிசா இலை படம் போட்டிருக்குங்க! வெள்ளிக்கிழமை சகஸ்ரநாமத்துக்கு அத்தன பேர் வராங்க, ஒருத்தி இல்லன்னா ஒருத்தி ஃப்ரிட்ஜத் திறப்பா. என்ன சொல்லட்டும்? எங்க வீட்டுக்காரர் கஞ்சா அடிக்கறார், சுண்டல் எடுத்துக்கோங்கன்னா?"

மீரா சாப்பாட்டு மேசையிலிருந்து: "அம்மா, அடிக்கறது இல்ல. டிராப்ஸ். அப்பா கஞ்சா குடிக்கறார்." கல்லூரி இரண்டாம் வருடம். தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசுவாள், கிண்டலுக்கு மட்டும் தடுமாற மாட்டாள்.

சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

வைத்தியருக்குப் போன் செய்தேன். கடிதம் தருகிறேன் என்றார். மாலைக்குள் அனுப்பியும் விட்டார். நல்ல மனிதர். கடிதத்தைப் பார்த்துவிட்டுப் பிராச்சி எழுதிய பதில்: சீட்டும் கடிதமும் நீங்கள் வாங்கியதற்குச் சாட்சி, உட்கொண்டது அதுதான் என்பதற்குச் சாட்சி அல்ல. இந்த வாக்கியம் அவளுடையது இல்லை. யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

எண்ணெய் பற்றி, மிகைப்படுத்தாமல்: சாயங்காலம் நாலு சொட்டு, நாக்குக்கு அடியில். போன் அடித்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது நின்றது. நாற்பது பக்க ரிப்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாழ்க்கையில் முதல் தடவையாகப் படித்தேன். ஒரே நாள், பேராசையில் எட்டு சொட்டு. சுவர் நகர்ந்தது, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அதிசய மருந்து அல்ல. ஆனால் எனக்கு வேறு எதுவும் இவ்வளவு செய்யவில்லை.

ஜூலை 9, புதன்

வாசலில் அடையாள அட்டை வேலை செய்யவில்லை. சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தேன், மறுபடி சிவப்பு. பின்னால் நின்ற பையன்கள் ஓரமாக என்னைச் சுற்றிப் போனார்கள். ஒன்பது வருடமாக எனக்கு சலாம் வைக்கும் காவலாளி இன்று பார்வையாளர் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார். பெயர், வந்த நேரம், யாரைப் பார்க்க.

எழுதினேன்.

லேபிள் இல்லாத புட்டியைப் பிராச்சி தொடக்கூட இல்லை. கம்பெனியின் மருத்துவக் குழுவில் ஒரு மனநல மருத்துவர் இருக்கிறார், அவர் தகுதிச் சான்று தந்தால் போதும் என்றாள். பெயரைச் சொன்னாள்.

டாக்டர் ரா.

இவரைப் பற்றித்தான் பதினொரு வருடமாக நான் வாய் திறக்கவில்லை.

சுருக்கமாக. புனேக்கு வந்த புதிதில், எடுத்த வேலை எதையும் முடிக்காமல், பேச்சில் குதிரை வேகமும் நெஞ்சில் படபடப்புமாக இருந்தேன். மாமனார் சொன்னார்: "மராட்டி டாக்டர்ட்ட போயி மனசுல இருக்கறத எப்படி சொல்லுவீங்க மாப்ளே? நம்ம ஆளு ஒருத்தர் இருக்கார்." நானும் அப்படித்தான் நினைத்தேன். டாக்டர் ரா. அன்பாகத் தமிழில் பேசினார். கால் மணி நேரம் ஆகியிருக்காது. பைபோலார் என்று எழுதினார், மனம் உச்சிக்கும் பாதாளத்துக்கும் போய்வரும் நோய். லித்தியம்.

கை நடுக்கம். சாஸரில் டீ. வாயில் இரும்புச் சுவை. அப்பா இறந்தபோது அழ வரவில்லை. கோயம்புத்தூரில் எல்லோரும் என்னைத் திடமான ஆள் என்றார்கள். திடம் இல்லை. உள்ளே யாரும் இல்லை.

வேறு டாக்டரிடம் போக எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் ஐயப்பன் பூஜையில் முதல் வரிசையில் அவர், இரண்டாம் வரிசையில் மாமனார். இன்னொருவரிடம் போவது என்பது அவருக்கு அவமரியாதை. இங்கே இருக்கும் நம் ஜனம் கையளவு. அந்தக் கையளவுக்குப் பயந்து ஒன்பது வருடம் அந்த மாத்திரையை விழுங்கினேன். இதில் என் தப்பும் உண்டு, எழுதிவைக்கிறேன்.

இரண்டு வருடம் முன்னால் மாமனாரிடம் சொல்லாமல் ஒரு மராட்டி டாக்டரம்மாவிடம் போனேன். மூன்று தடவை வரச்சொன்னார். என் பழைய பள்ளிக்கூட ரிப்போர்ட் கேட்டார், நான் பூசி மெழுகாமலிருக்க மீராவை விட்டுப் படிக்கச் சொன்னார். பைபோலார் இல்லை, ஏடிஹெச்டி, அதாவது கவனம் ஒன்றில் நிலைக்காத குறை, கூடவே பதற்ற நோய். லித்தியத்தை மெல்ல நிறுத்தினார். சிறுநீரகம் கொஞ்சம் அடிபட்டிருக்கிறது, இனி அதன் பக்கம் போகாதீர்கள் என்றார். ஏடிஹெச்டி மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, படபடப்பு. விஜயா எண்ணெய் பற்றிக் கேட்டேன். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஆதாரம் குறைவு. ஆனால் எடுத்தால் என்னிடம் மறைக்காதீர்கள் என்றார். மறைக்கவில்லை.

அவர் தரும் சான்று செல்லாதாம். குழுவில் இல்லை.

ஜூலை 10, வியாழன்

மழை வலுத்துவிட்டது. ஸ்கூட்டரை விட்டுவிட்டு ரிக்ஷா.

டாக்டர் ரா.வின் காத்திருப்பு அறை. அதே பச்சை நாற்காலிகள். எதிரே ஒரு பெண், இருபத்துமூன்று இருபத்துநாலு இருக்கும், மகர்பட்டாவில் ஏதோ கம்பெனி அட்டை கழுத்தில். கால் ஆடிக்கொண்டே இருந்தது. பையைத் திறந்து எதையோ தேடினாள், பாதியில் விட்டுப் போனை எடுத்தாள், அதையும் பாதியில் வைத்தாள். பக்கத்தில் அம்மா, என் ஊர்ப் பேச்சு.

"ஏனுங்க, நீங்களும் டாக்டரப் பாக்கவா? ரொம்ப நாளா வர்றீங்களா?"

"ரொம்ப நாள்."

"நம்ம பாசைல பேசறாருங்களே, அதே பெரிய ஆறுதலுங்க. இவ ஒரு வேலையும் முடிக்கறதில்லீங்க. ராப்பகலா ரோசனை. இன்னிக்கு ரெண்டாவது தடவை. ஏதோ மாத்தர ஆரம்பிக்கறேன்னாருங்க."

"அம்மா, சும்மா இரு" என்றாள் அந்தப் பெண். விரல்கள் நாற்காலிக் கைப்பிடியில் தாளம் போட்டபடி இருந்தன.

என் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து உள்ளே போனேன்.

"வாப்பா. எத்தன நாளாச்சு பாத்து! சுதா சௌக்கியமா? மாமனார் முழங்கால் எப்படி இருக்கு?"

சொன்னேன். டாக்டரம்மா தந்த ஏடிஹெச்டி சான்றையும் மேசையில் வைத்தேன். அவர் அதைப் பிரிக்கவில்லை.

"அது சின்னப் பசங்களுக்கு வர்றதுப்பா. இப்ப போன்ல ரெண்டு வீடியோ பாத்துட்டு எல்லாரும் எனக்கும் இருக்குன்னு வந்து நிக்கறாங்க."

"அவங்க மூணு தடவை கூப்பிட்டுப் பார்த்தாங்க. முதல் நாள் நீங்க எவ்வளவு நேரம் பார்த்தீங்க, ஞாபகம் இருக்கா டாக்டர்?"

குரல் உயர்ந்துவிட்டது. அவர் புன்னகைத்தார்.

"இதோ பாரு. இந்த வேகம், இந்தக் கோபம். இது என்னன்னு உனக்கே தெரியும்." எழுதிக்கொண்டார். நான் வாயை மூடினேன். அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு நிதானமாக விளக்கினார். "போதைப் பழக்கம்னு எழுதினா இந்த ஃபீல்டுல உன்ன எவனும் சேத்துக்க மாட்டான். அதே, பைபோலார், மருந்த நிறுத்தினான், அந்த நேரத்துல இந்த எண்ணெயத் தொட்டுட்டான், இப்ப ட்ரீட்மென்ட்டுக்குத் திரும்பிட்டான்னு எழுதினா, அது நோய். நோய்க்காக உன்ன வேலைய விட்டு எடுக்க முடியாது, சட்டம் இருக்கு. உனக்கு நல்லது செய்யத்தான் பாக்கறேன். நம்ம ஆளுக்கு நானே செய்யலன்னா யார் செய்வா?"

பேப்பரை நீட்டினார். நாளை நாலு மணிக்குள் என் கையெழுத்தோடு பிராச்சியிடம் போக வேண்டும்.

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் பயமாக இருக்கிறது. முழுதாக நம்புகிறார்.

ஜூலை 11, வெள்ளி

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். கையெழுத்துப் போடாதீர்கள், எதிர்த்து நில்லுங்கள் என்றார். வக்கீல் நண்பனிடம் கேட்டேன். ஜெயிக்கலாம், வருடக்கணக்கில் ஆகும், அதுவரை வேலை கிடைக்காது என்றான்.

சுதா பூஜைக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"போட்டுடுங்க."

"பொய்யாச்சே சுதா அது."

"தெரியும். மாத்திரைய வாங்கி பேசின்ல போடுங்க. யார் பாக்கப் போறா?" ஒரு புள்ளியை அழித்துவிட்டு, "நான் அந்த லேபிள உரிக்காம இருந்திருந்தா..." என்றாள். அவள் தோள் குலுங்கியது. நாலு நாளாக அவளைத் திட்டி மனதுக்குள் எழுதிவைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் வாயில் வரவில்லை.

மூன்றரை மணி. பிராச்சியின் அறை. கையெழுத்துப் போட்டேன். அப்புறம்தான் இரண்டாவது தாளை நகர்த்தினாள். ஒரு வருடத்துக்கு மாதா மாதம் ரத்தப் பரிசோதனை, லித்தியம் அளவு பார்க்க. அளவு குறைந்தால் சான்று ரத்து.

"இது டாக்டர் சார் கேட்டது" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல், "சாரி, சார்."

பேசினில் போட முடியாது. உள்ளே போயாக வேண்டும்.

சிறுநீரகம் பற்றிச் சொன்னேன். டாக்டர் ரா. அளவைப் பார்த்துக்கொண்டே கொடுப்பாராம், தாளில் எழுதியிருக்கிறார். கீழே வாசலில் அட்டையை வைத்தேன். பச்சை.

ஜூலை 12, சனி

வெளியே வெளிச்சமே இல்லை, காலை பத்துக்கு விளக்குப் போட்டு எழுதுகிறேன்.

எட்டு மணிக்கு முதல் மாத்திரை. அவல் போஹாவுக்கு அப்புறம். சுதா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டாள். மீரா நின்றாள்.

"அப்பா, இது சாப்பிட்டா நீங்க திரும்ப அந்த மாதிரி ஆயிடுவீங்களா?"

"எந்த மாதிரி?"

"சின்ன வயசுல. நான் ஏதாவது சொன்னா, ம்... ம்... அவ்ளோதான் சொல்வீங்க."

ஆக மாட்டேன் என்றேன். ஆவேன். எனக்குத் தெரியும். முதல் மூன்று நாள் தாகம். அப்புறம் கை. பத்து, பன்னிரண்டு நாளில் கோபம் போய்விடும். அதுதான் முதலில் போகும். யாருக்கு என்ன அநியாயம் நடந்தது என்பதெல்லாம் மறக்காது, ஆனால் அதற்காக எழுந்து ஒரு போன் செய்யத் தோன்றாது. இந்தக் குறிப்பைத் திறந்து பார்த்தால் யாரோ எழுதியது போல் இருக்கும். மூடிவைத்துவிடுவேன்.

பச்சை நாற்காலியில் இருந்த அந்தப் பெண். அவளுக்கும் நேற்றோ இன்றோ மாத்திரை தொடங்கியிருக்கும். என் இருக்கையிலிருந்து கை எட்டும் தூரம். இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. மாமனார் காதுக்குப் போகும் என்று பயம். இந்த வயதிலும்.

புனே தமிழர்களின் முகநூல் குழுவில் அந்தப் பெண்ணின் அம்மா இருப்பார். எல்லா ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள், வீடு வாடகைக்கு, மாவு கிடைக்கும் இடம், நல்ல டாக்டர் யார் என்று கேட்டபடி. டாக்டர் பெயரை எழுத மாட்டேன், வழக்குப் போடுவார். பச்சை நாற்காலி என்று எழுதினால் அவருக்குப் புரியும்.

என் பெயரும் வேண்டாம். பெயர் போட்டால் திங்கட்கிழமை அட்டை மறுபடி சிவப்பு, சுதா வெள்ளிக்கிழமை பூஜையை நிறுத்த வேண்டிவரும், மேலும் என் பெயருக்குப் பக்கத்தில் இப்போது பைபோலார் என்று நானே கையெழுத்திட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன் சொல்வதை யார் நம்புவார்கள்.

திங்களிலிருந்து எழுதியதை அப்படியே தட்டச்சு செய்துவிட்டேன். அந்தப் பிரதியில் ஊர்ப் பெயர்களை எடுத்தேன், மீரா, சுதா, பிராச்சி பெயர்களை எடுத்தேன். இன்று இன்னும் கோபம் இருக்கிறது. குழுவில் 'பெயர் காட்டாமல் போடு' என்பதைத் தேர்ந்தெடுத்தாயிற்று. போடப் போகிறேன்.